கடனுக்கு ஒரு நடுவர்

மணிமுத்தாறு அணையின் கரைமேல் நின்றால், ஒருபுறம் மேலே மலை தெரிகிறது. மறுபுறம் கீழே வயல் தெரிகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950களில், இவ்வணை கட்டப்பெற்றது. இதன் உயரம் 118 அடி. அணையைக் காண வருவோர் அருவியையும் நீர்ப்பரப்பையும் கண்டு மகிழ்ந்து வீடு திரும்புவர். வரலாறு பயிலும் மாணவர் மட்டும் அவ்வாறு திரும்புதல் ஆகாது. 'மேலே தெரியும் அந்த மலைக்காடு ஒரு காலத்தில் யாருடையது? கீழே தெரியும் இந்த வயலை உழுதவர் எவ்வாறு வாழ்ந்தார்?' என்னும் இரண்டு வினாக்களை அவர் எழுப்பவேண்டும். இரண்டு வினாக்களுக்கும் விடை தேடிப் போனால், நாம் வந்து சேரும் இடம் ஒன்றே. அது கடன்.

கடனைப் பற்றி நம்மவர் பேசக் கூசுவர். நோயைச் சொல்வர், பகையைச் சொல்வர், கடனை மட்டும் மனைவியிடமும் மறைப்பர். ஆனால், கடனுக்கும் வரலாறு உண்டு. கடன் பட்டவரையும் கடன் கொடுத்தவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து, இருவருக்கும் இடையில் மூன்றாம் மனிதர் ஒருவர் அமர்ந்து, கணக்கைத் தீர்த்துவைக்கும் முறை நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, யாருக்கு முதலில் கிடைத்தது, யாருக்குப் பிந்திக் கிடைத்தது என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி.

முதலில் மலையைப் பார்ப்போம். இம்மலைக்காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952இல் சிங்கம்பட்டி ஜமீனும் அரசின் கைக்கு வந்தது. ஆயினும், அதற்கு முன்பே, 1929ஆம் ஆண்டில், மலைக்காட்டில் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்தாரிடம் ஜமீன் ஒப்படைத்திருந்தது. அக்கழகத்தார் காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்டனர். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்னும் ஊர்கள் அவ்வாறு தோன்றியவையே.

ஜமீன் ஏன் காட்டைக் குத்தகைக்கு விட்டது? அதற்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. சென்னைத் தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்றொரு மாளிகை இருந்தது. வயது நிரம்பாத ஜமீன் வாரிசுகளைத் தங்கவைத்துக் கல்வி புகட்டிய நிலையம் அது. 1919 அக்டோபரில், அதன் தலைவராக இருந்த டி லா ஹே என்னும் ஆங்கிலேயர் இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன்களைச் சேர்ந்த இளைஞர்கள் அவ்வழக்கில் சிக்கினர். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பெற்று, விடுதலையில் முடிந்தது. உயிர் தப்பியது, ஆனால், பெரிய வழக்கறிஞர்களை அமர்த்தி வழக்கு நடத்திய செலவு ஜமீனைக் கடனில் ஆழ்த்தியது என்றும், அக்கடன் சுமையே காட்டைக் குத்தகைக்கு விடத் தூண்டியது என்றும் பெரியவர்கள் சொல்வர். ஒரு குடும்பத்தின் கடன், நாலைந்து தலைமுறைத் தொழிலாளர்களை மலைமேல் குடியேற்றியது. 2024இல் கழகத்தார் தோட்டத் தொழிலைக் கைவிட்டபோது, மலையைத் தவிர வேறு ஊர் அறியாத குடும்பங்கள் கீழே இறங்க நேர்ந்தது. கடன் பட்டவர் மறைந்த பின்னும் கடனின் நிழல் நீள்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நியூவிங்டன் மாளிகையைச் சற்று உற்று நோக்குவோம். ஜமீன் வாரிசுகளுக்கு அரசு ஏன் பள்ளி நடத்தியது? அது 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் அதனைத் தோற்றுவித்தது. 1902ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அதனைத் திருத்தி அமைத்தது. பெயரில் கோர்ட் என்று இருந்தாலும் அது வழக்கு மன்றம் அன்று. மாகாணத்து ரெவின்யூ போர்டே அப்பெயரோடு செயலாற்றியது. ஜமீன்தார் வயது நிரம்பாதவராகவோ, ஆளும் திறன் அற்றவராகவோ இருந்தால், அந்த ஜமீனை அது தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும். வாரிசைப் பள்ளிக்கு அனுப்பும். ஜமீனுக்கு ஒரு மேலாளரை அமர்த்தும்.

அந்த மேலாளரின் முதல் வேலை என்ன தெரியுமா? கடன் பட்டியல் எழுதுவது. ஜமீனுக்குக் கடன் கொடுத்தோர் அனைவரும் தத்தம் கோரிக்கையை எழுத்தில் தரவேண்டும் என்று அறிவிப்பு வெளிவரும். உண்மைக் கடன் எது, போலிக் கடன் எது எனப் பிரிப்பர். ஆண்டு வருவாயைக் கணக்கிடுவர். அரண்மனைச் செலவுக்கு இவ்வளவு என்று ஓர் அளவு வகுப்பர். யானைக்கும் பல்லக்குக்கும் திருவிழாவுக்கும் மனம்போன போக்கில் செலவிட முடியாது. மிச்சத் தொகையைக் கடன் கொடுத்தோருக்குத் தவணை தவணையாகச் செலுத்துவர். வாரிசு வயது நிரம்பி வரும்போது, ஜமீனைக் கடன் குறைந்த நிலையிலோ கடனற்ற நிலையிலோ ஒப்படைப்பதே நோக்கம்.

இதன் அருமையை உணரவேண்டுமானால், இந்த ஏற்பாடு கிட்டாத ஜமீனின் நிலையைக் காணவேண்டும். நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துச் சிவகிரி ஜமீன் வழக்கு ஒன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தந்தை பட்ட கடனுக்கு, மகன் கைக்கு வந்துசேர்ந்த ஜமீன் பொறுப்பாகுமா என்பது கேள்வி. பொறுப்பாகும் என்று 1882இல் தீர்ப்பாயிற்று. தந்தை கையெழுத்திட்டார், மகன் இழந்தார். நடுவில் நின்று கணக்குப் பார்க்க எவரும் இல்லாத கடன் இறுதியில் ஏலத்தில்தான் முடியும்.

ஆக, பட்டியல், வருவாய்க் கணக்கு, அளவான செலவு, தவணை, மேற்பார்க்கும் மூன்றாம் மனிதர் ஆகிய ஐந்து உறுப்புகளும் நம் மாகாணத்தில் ஜமீன்களுக்கு 1804 முதலே அமைந்துவிட்டன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் மலையிலிருந்து வயலுக்கு இறங்குவோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம் உண்டு. தென்மேற்குப் பருவமழை மலைமேல் பெய்து ஆற்றில் நீர் வந்தால் கார். வடகிழக்குப் பருவமழை பெய்தால் பிசானம். இரண்டும் விளைந்தால் உழவன் நிமிர்வான். ஒன்று பொய்த்தால் விதைநெல்லுக்குக் கடன். இரண்டும் பொய்த்தால் சோற்றுக்கே கடன். மாடு இறந்தால் கடன். மகளுக்கு மணம் என்றால் கடன். கடனுக்கு முதற்படி கைமாற்று, அடுத்த படி புரோநோட்டு, அதற்கும் மேல் ஒத்தி, முடிவில் கிரயம். ஒத்திக்குப் போன வயலில் அதன் உடைமையாளனே வாரத்துக்கு உழுது நின்ற காட்சியை நம் பாட்டனார்கள் கண்டிருக்கின்றனர்.

இக்குடியானவனுக்கு எந்தக் கோர்ட் ஆப் வார்ட்ஸ் இருந்தது? எதுவும் இல்லை. அவனுக்கு இருந்தது முன்சீப் கோர்ட். அங்கே கடன் கொடுத்தவர் பத்திரத்தோடு வருவார். பட்டவன் வெறுங்கையோடு நிற்பான். பத்திரம் பேசும், அவன் பேசமாட்டான்.

நாட்டின் பிற பகுதிகளிலும் நிலை இதுவே. 1875இல் பம்பாய் மாகாணத்துப் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் உழவர் கிளர்ந்தெழுந்து, வட்டிக்கடைக்காரர்களின் வீடு புகுந்து, பத்திரங்களைத் தேடித் தேடிக் கொளுத்தினர். உயிர்களைக் காட்டிலும் ஏடுகளையே அவர்கள் குறிவைத்தனர் என்பது கருதத்தக்கது. அதன் விளைவாக 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. வழக்குத் தொடுக்கும் முன் இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசும் நடுவர்களுக்கு அச்சட்டம் இடம் தந்தது. குடியானவனின் கடனுக்கும் மூன்றாம் மனிதர் தேவை என்னும் எண்ணம் சட்ட ஏட்டில் ஏறியது இவ்வாறே.

சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, உழவர்க்கு வங்கி அமைப்பதைப்பற்றி ஆராய்ந்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பெரிய அறிக்கைகள் அளித்தார். மாகாணத்து உழவர் கடன் ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என அவர் மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் சிற்றூர்களில் நிறுவிய கூட்டுறவுக் கடன் சங்கங்களே இதற்கு மருந்து எனக் கண்டார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் நம் மாகாணத்தின் முதற் சங்கம் பிறந்தது. கூட்டுறவு, புதிய கடனைக் குறைந்த வட்டிக்குத் தந்தது. ஆனால், முன்னமே கழுத்தளவு நிற்கும் பழைய கடனை என் செய்வது? அதற்கு அது விடை தரவில்லை. 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழுவார் கணக்கிட்டபோது, 45 கோடி 150 கோடியாக வளர்ந்திருந்தது.

அப்போதுதான் உலகப் பொருளாதார மந்தம் வந்து தாக்கியது. 1929க்குப் பின் சில ஆண்டுகளில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கடனோ விழவில்லை. நூறு ரூபாய்க் கடனுக்கு முன்பு எத்தனை கோட்டை நெல் விற்க வேண்டியிருந்ததோ, இப்போது அதைப்போல் இரு மடங்கு விற்கவேண்டும். உழவன் சோம்பவில்லை, ஊதாரித்தனம் செய்யவில்லை. விலை விழுந்தது, அவ்வளவே. 'கடன் பட்டவன் எல்லாம் தன் குற்றத்தால் பட்டான்' என்று சொல்லும் வழக்கத்தை இந்த ஒரு நிகழ்ச்சியே பொய்யாக்கப் போதும்.

இந்நிலையில் 1933இல் மத்திய மாகாண அரசு, கடன் சமரச போர்டுகளை அமைக்கச் சட்டம் இயற்றியது. அதனைப் பின்பற்றிச் சென்னை மாகாணத்திலும் 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. போர்டு எவ்வாறு செயற்பட்டது? கடன் பட்டவரோ கொடுத்தவரோ மனுக் கொடுக்கலாம். மனுவில் எல்லாக் கடன்களையும் எல்லாச் சொத்துகளையும் ஒளிவின்றிக் காட்டவேண்டும். போர்டு, கடன் கொடுத்தோர் அனைவரையும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு அழைக்கும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று கேட்கும். 'இவனிடம் உள்ளது இவ்வளவே. இதனை ஏலம் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது சிறிது. சற்றே விட்டுக்கொடுத்துத் தவணையில் பெற்றால் கிடைப்பது மிகுதி' என்று எடுத்துரைக்கும். இசைந்தால் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வர்.

ஜமீனுக்கு 1804இல் கிடைத்தது எளிய உழவனுக்கு 1936இல் கிடைத்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் 132. இந்த எண்ணை மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், போர்டுக்கு ஒரு குறை இருந்தது. அது வற்புறுத்த இயலாது, வேண்டத்தான் இயலும். பிடிவாதக்காரர் வராமல் இருந்துவிட்டால் சமரசம் எங்ஙனம் நடக்கும்? 1937இல் இராஜாஜியின் தலைமையில் அமைந்த அமைச்சரவை இக்குறையை நீக்க முற்பட்டது. 1938 மார்ச் 22 முதல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தை ஒரு கணக்கின் வாயிலாக விளக்குகிறேன். 1925 ஏப்ரலில் ஓர் உழவர் 200 ரூபாய் கடன் வாங்கினார் எனக் கொள்வோம். வட்டி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். நம் ஊர் வழக்கில் ஒரு வட்டி. ஆண்டுக்கு 24 ரூபாய். அவர் நாணயம் தவறாதவர். 1937 அக்டோபர் வரை, பன்னிரண்டரை ஆண்டுகள், வட்டியைத் தவறாமல் கட்டினார். கட்டியது 300 ரூபாய். அசலோ அப்படியே 200 ரூபாய் நிற்கிறது. இதுதான் வட்டியின் மாயம்.

சட்டம் சொன்னது இது: 1932 அக்டோபர் 1க்கு முன் பட்ட கடனாயின், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்தது. இரு மடங்கிற்குக் குறைவாகச் செலுத்தியிருந்தால், அக்குறையைக் கொடுத்தால் போதும்; அல்லது நிற்கும் அசலைக் கொடுத்தால் போதும்; இரண்டில் எது சிறிதோ அது. நம் உழவர் 200க்கு இரு மடங்காகிய 400இல் 300 கட்டிவிட்டார். குறை 100, அசல் 200. ஆகவே, அவர் கொடுக்கவேண்டியது 100 ரூபாய் மட்டுமே. 1932க்குப் பின் பட்ட கடன்களுக்கோ, ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி என்று மறுகணக்கிட்டனர். வட்டி அசலை விழுங்கலாகாது, இரட்டிப்பைத் தாண்டலாகாது என்பது நம் பழைய தரும நூல்களிலும் காணும் கொள்கை. சட்டம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

கடன் கொடுத்தோர் நீதிமன்றம் ஏறினர். மாகாணச் சட்டமன்றத்துக்கு இவ்வதிகாரம் உண்டா என்ற கேள்வி, தில்லியில் இருந்த பெடரல் கோர்ட் வரை சென்றது. 1940இல் சட்டம் நிலைபெற்றது.

வரலாற்றாசிரியன் புகழ்ச்சியோடு நிறுத்தலாகாது, குறையையும் சொல்லவேண்டும். இச்சட்டம் நிலத்தில் உரிமை உடையவனையே 'விவசாயி' என்றது. நிலமற்ற கூலியாளுக்குப் பெரும்பாலும் உதவவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்கும் அரசுக்கும் தரவேண்டிய கடன் அதன் வரம்புக்கு வெளியே நின்றது. மேலும், சட்டத்துக்கு அஞ்சிய செல்வர் சிலர் புதிய கடன் தரக் கைவிரித்தனர். அவசரத்துக்குப் பணம் வேண்டியவன் இருட்டில் கடன் வாங்கினான். இருட்டில் வாங்கிய கடனுக்கு வட்டி இன்னும் மிகுதி.

ஆதலின், தள்ளுபடி என்பது காய்ச்சலுக்கு ஈரத்துணி போன்றது. வெப்பத்தைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. நோயைத் தீர்க்க இரண்டு வேண்டும். வருவாய் நிலைக்கவேண்டும், செலவு வரம்புக்குள் நிற்கவேண்டும். இந்த மணிமுத்தாறு அணையை அந்த நோக்கோடு பாருங்கள். மழைநாளில் வீணே கடலுக்குப் போன நீரைத் தேக்கி, வறண்ட நிலங்களுக்குக் கால்வாய் வழியே அனுப்பியபோது, அணை நெல்லை மட்டும் விளைவிக்கவில்லை. எத்தனையோ புரோநோட்டுகள் எழுதப்படாமலும் தடுத்தது. அதனைக் கணக்கிட்டவர் இல்லை. எனினும் அது மெய்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நிலமற்றவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் இன்று வந்திருக்கும் புதிய புரோநோட்டு, கடன் அட்டை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய வங்கிகள் சில அதனை வழங்கத் தொடங்கின; பின்னர் அது பரவலாயிற்று. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு அது நல்ல பணியாள். கட்டத் தவறியவருக்கோ அது எசமானன். பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாயைத் தாண்டுகிறது. மூன்றரை வட்டி என்றால் ஆண்டுக்கு 42 ரூபாய். 1925இன் உழவரை நசுக்கிய வட்டி ஒரு வட்டி என்பதை நினைத்துப் பாருங்கள்!

நான் தலைமையாசிரியராக இருந்தபோது, என் உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் நாளுக்கு நாள் வாடினார். காரணம் கேட்டால் சொல்லமாட்டார். ஒருநாள் மாலை, பள்ளி விட்டபின், தயங்கித் தயங்கி என் மேசைமேல் ஒரு பை நிறையத் தாள்களைக் கொட்டினார். மூன்று வங்கிகளின் மூன்று அட்டைகள். நிலுவைகளை முழு எண்ணாக்கிச் சொன்னால் 60,000, 36,000, 24,000. கூட்டினால் 1,20,000 ரூபாய். அந்தக் கூட்டுத்தொகையை அவரே அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். கணக்கு ஆசிரியர் அவர்! பிறர் கணக்கையெல்லாம் திருத்தியவர், தம் கணக்கைக் கூட்டிப் பார்க்க அஞ்சியிருந்தார்.

மாதந்தோறும் நூற்றுக்கு 5 ரூபாய் என்னும் குறைந்த அளவுத் தொகையை, அதாவது 6,000 ரூபாயை, அவர் கட்டிவந்தார். மூன்றரை வட்டிக்கு மாத வட்டி 4,200 ரூபாய். அசலில் கழிந்தது 1,800 ரூபாய் மட்டுமே. கையில் பணம் இல்லாமையால் அந்த 1,800 ரூபாய்க்கும் மறுபடி அட்டையையே தேய்த்தார். செக்கு மாடு நாள் முழுதும் நடந்தும் இருந்த இடத்திலேயே இருக்குமன்றோ, அதே நிலை.

நாங்கள் செய்தது புதுமை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து மேலாளர் செய்ததே. பட்டியல் எழுதினோம். அவர் தம் மனைவியிடம் அன்றிரவே சொல்லவேண்டும் என்று நான் சொன்னேன், சொன்னார். வீட்டுச் செலவைச் சுருக்கி, மாதம் 8,000 ரூபாய் மிச்சமாகும் என அந்த அம்மையாரே கணக்கிட்டுக் கொடுத்தார். கடனின் அளவுக்கு ஏற்ப அதனை 4,000, 2,400, 1,600 எனப் பங்கிட்டோம். அட்டைகளை இனிப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக்கொடுத்து, வட்டியைக் குறைத்துத் தவணையாக மாற்றும்படி மூன்று வங்கிகளையும் வேண்டினார். இரண்டு இசைந்தன, ஒன்று இசையவில்லை. இசையாத கடனை, ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று அடைத்தார். நிக்கல்சன் காட்டிய வழி நூறாண்டு கழித்தும் பயன்பட்டது. மூன்றரை வட்டியை ஒரு வட்டியாகக் குறைத்து மாதம் 8,000 கட்டினால் 1,20,000 ரூபாய் 17ஆம் மாதத்தில் தீரும். குடும்பத்தில் ஒரு நோய் குறுக்கிட்டதால் அவருக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் தீர்ந்தது.

இவ்வாறு தவணை வகுத்துத் தரும் பணியை அமெரிக்காவில் கடன் ஆலோசனை நிலையங்கள் தொழிலாகவே செய்கின்றன. 1951இல் அவற்றுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. கடன் பட்டவர் மாதம் ஒரே தொகையை நிலையத்தில் கட்டுவார். நிலையத்தார் வட்டிக் குறைப்புக்குப் பேசி, பலருக்கும் பங்கிட்டுச் செலுத்துவர். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கடன் தீரும். நம் நாட்டில் 2006இல் பேங்க் ஆப் இந்தியா, மும்பையில் 'அபய்' என்னும் ஆலோசனை மையத்தைத் தொடங்கியது. அபயம் என்னும் சொல்லே அப்பெயர், பொருத்தமான பெயர். 2009இல் ரிசர்வ் வங்கி இத்தகைய மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கலாகாது. மையம் தன்னை நடத்தும் வங்கியிலிருந்து விலகி நின்று நடுவு நிலையில் செயற்படவேண்டும் என்பன அதன் விதிகள். 2012இல் இவை நிதிக் கல்வி மையங்களாக மாற்றி அமைக்கப்பெற்றன. கடனைத் தீர்க்கும் பணியினும் கடனைப்பற்றிக் கற்பிக்கும் பணி முன்னுக்கு வந்தது. அமெரிக்காவில் போலப் பங்கிட்டுச் செலுத்தும் பொறுப்பை முழுமையாக ஏற்கும் ஏற்பாடு இங்கே இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே, பட்டியலையும் கணக்கையும் நாமே எழுதிக்கொண்டு வங்கியின் கதவைத் தட்டவேண்டியுள்ளது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். 'உன் கடனைப் பாதியாக்கித் தருகிறேன், முதலில் எனக்குக் கட்டணம் கொடு' என்பவரை நம்பாதீர்கள். நடுவர் வேறு, தரகர் வேறு. மற்றொன்று, பாதித் தொகையை ஏற்று வங்கி கணக்கை முடித்தால், 'முழுதும் கட்டப்பட்டது' என்று அது பதிவாகாது. குறைத்துத் தீர்த்த குறிப்புக் கடன் வரலாற்றில் பல ஆண்டுகள் நிற்கும். வழியே இல்லாதவருக்கு நீதிமன்றத்தில் நொடிப்பு மனு உண்டு. 'மஞ்சள் கடுதாசி' என்று ஊரார் ஏளனமாகச் சொல்லும் அதற்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. அது கடைசிக் கதவு. ஆனால், மூடிய கதவு அன்று.

கடன் வசூலிக்க வருவோருக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர் கடன் பட்டவரை அழைத்தல் ஆகாது என 2022இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. இருந்தும், 2017 அக்டோபரில், நம் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்து வட்டிக் கொடுமை தாளாத ஒரு தொழிலாளியின் குடும்பம், குழந்தைகளோடு உயிரிழந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அலுவலகமும் எதிரே இருந்தது. கணக்கை வாங்கிப் பார்த்து நடுவில் அமரும் மனிதர் வேண்டிய வேளையில் கிட்டவில்லை. இதனை நினைக்குந்தோறும் நெல்லைச் சீமையைச் சேர்ந்த எனக்குத் தலை குனிகிறது.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் சில ஆண்டுகளில் சம்பளம் பெறத் தொடங்குவீர்கள். முதற் சம்பளத்தோடு கடன் அட்டையும் உங்களைத் தேடி வரும். 'கடனில்லாக் கஞ்சி கால் வயிறு' என்று நம் முன்னோர் சொன்னது நல்ல அறிவுரையே. ஆயினும், வாழ்க்கை எல்லாரையும் அவ்வாறு வாழ விடுவதில்லை. ஒருகால் கடன் பட நேர்ந்தால் அதனை ஒளிக்காதீர்கள். உங்கள் இல்லத்தில் தந்தையோ தாயோ முகம் வாடியிருந்தால், குற்றம் சாட்டாமல் அருகில் அமர்ந்து, ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து, 'மொத்தம் எவ்வளவு?' என்று அன்போடு கேளுங்கள். ஜமீனுக்கு அரசு செய்ததும், உழவனுக்குப் போர்டு செய்ததும் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கின.

அடுத்த முறை மணிமுத்தாறு அணைக்கு வரும்போது மேலே மலையையும் கீழே வயலையும் மறுபடி பாருங்கள். கணக்குப் பாராத கடனால் ஒரு மலை கை மாறியது. கணக்கிட்டுத் தேக்கிய நீரால் ஒரு சமவெளி பிழைத்தது. கரைமேல் நிற்கும் நாம் இரண்டையும் ஒருசேரக் காண்கிறோம்.